முதல் பத்து நிமிடம்

"முதல்ல முடியாம இருந்துட்டு, கொஞ்ச நேரத்துல தானா சரியாகிடுதா?" என்று டாக்டர் என்னைக் கேட்டதும், பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் சிரித்துவிட்டான்.

"அதேதான் டாக்டர். முதல்ல அய்யோ அம்மான்னு உக்காந்துருவா. பத்து நிமிஷம் போச்சுன்னா நமக்கு முன்னாடி நடப்பா. வீட்டுல இவ பேரே நடிகைதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைவிட வயதில் சின்னவர். பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, "நான் அவங்களைக் கேட்டேன் சார்" என்றார்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இது குற்றச்சாட்டாகத்தான் இருந்திருக்கிறது. இதை ஒருவர் கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து பார்த்ததேயில்லை. ஆமென்று தலையை ஆட்டினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஓடச் சொன்னால், பாதியில் தொடை கல்லாகி உட்கார்ந்துவிடுவேன். கொஞ்சம் பொறுத்து எழுந்து மெதுவாக நடந்தால் வலி தானாக விட்டுப்போகும், பிறகு எத்தனை தூரமும் நடப்பேன். அப்படி நடந்ததுதான் நான் செய்த தப்பு. உட்கார்ந்தவள் உட்கார்ந்தே இருந்திருந்தால் நோயாளி என்றாவது விட்டிருப்பார்கள். ஈரப் போர்வையைப் பிழியும்போது விரல்கள் மடங்கி, விரிக்க வராமல் நின்றுவிடும். "வேலைன்னா இவளுக்கு விரல்கூடக் கோவிச்சுக்குது" என்பாள் அம்மா. நடிகை என்று பெயர் வைத்தது அண்ணன். நல்ல பெயர் பரவுவதற்குத்தான் நாளாகும் போலிருக்கிறது. கல்யாணமாகிப் போன வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே அது போய்ச் சேர்ந்திருந்தது. தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலையைத் தேடிப் பிடித்ததுகூட, உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான். அதற்கும், "பாத்தியா, நோகாத வேலையாப் பாத்து உக்காந்துட்டா" என்றார்கள்.

போன வாரம் அண்ணன் வீடு மாற்றினான். புது வீடு மூன்றாவது மாடி. அவன் வண்டியருகே நின்றுகொண்டு, "அது முன்னாடி போகட்டும், இது கண்ணாடி, பாத்து" என்று கைகாட்டிக்கொண்டிருந்தான். நான் ஒரு அட்டைப்பெட்டியோடு முதல் மாடியிலேயே நின்றேன். "நடிகை ஷூட்டிங்குக்கு வந்திருக்கா, நாற்காலி போடுங்கப்பா" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பெட்டி தூக்க வந்த ஆட்கள்வரை சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒருநாளாவது நிற்காமல் காட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன், இறங்கினேன், மறுபடியும் ஏறினேன். மறுநாள் காலையில் தொடை இரண்டும் வீங்கிப்போயிருந்தன. சிறுநீர் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் வந்தது. என் கணவர் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்று அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால்தான், சோதனை முடிவைச் சொல்லும் இந்த நாளில் துணைக்கு அண்ணன் வந்திருந்தான்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். "நாம சாப்பிடுறதுல கொஞ்சத்தைச் சதை சர்க்கரையாக் கட்டி வச்சுக்கும்மா. ஓடணும், தூக்கணும்னா முதல்ல கை வைக்கிறது அதுலதான். அதை உடைச்சு எடுக்க ஒரு என்சைம் வேணும். உங்க சதையில அது பிறவியிலேயே இல்ல. சரக்கு உள்ள நிறைய இருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்ல."

"அப்புறம் எப்படி டாக்டர் நடக்குறா?" என்றான் அண்ணன். விடுவதாக இல்லை.

"மெதுவா நடந்தா, ரத்தம் வழியா ஈரல்லேர்ந்து சர்க்கரை வரும், கொழுப்பும் வரும். அதை எரிச்சு நடப்பாங்க. அது வந்து சேர எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் சதை பட்டினி. பட்டினியில விடாம வேலை வாங்கினா சதையே உடைஞ்சுபோகும். அப்படி உடைஞ்சதுதான் சிறுநீர்ல கறுப்பா வந்தது. இன்னும் ரெண்டு தடவை மாடி ஏறியிருந்தா கிட்னி போயிருக்கும்."

என்சைமை நொதி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது எனக்குள் இல்லை என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து நிமிடம். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ள அந்த வீட்டில் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

"கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம்" என்றார் டாக்டர், அண்ணனைப் பார்த்து. "மேல லேப்ல நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்."

"இல்லன்னா நல்லதுதானே. குடுத்துட்டுப் போங்க."

வெளியே வந்ததும், "வியாதின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொன்னேனே. சின்ன வயசுலேர்ந்து வேற என்ன சொன்னேன்?"

"நீ அழுவே. சொல்ல மாட்டே."

"வலிக்குதுன்னு அழுதா அது சொல்றது இல்லையா அண்ணா? இப்பவே அம்மாவுக்கு போன் போடு. இவ நடிக்கலம்மா, நிஜமாவே முடியாமத்தான் உக்காந்தான்னு சொல்லு. அந்தப் பேரை வச்சது நீ. நீயே எடு."

"சும்மா விளையாட்டுக்குக் கூப்பிடுறது. அதைப் போய்ப் பெருசாக்கிக்கிட்டு... வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இவன் தள்ளிப்போட்டது எதுவும் பேசப்பட்டதில்லை. லிஃப்ட் கதவில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். "நாளைக்கு வந்து குடுத்துக்குறேனே" என்றான். நான் லேபுக்குப் போகும் படியில் கால் வைத்தேன். வேறு வழியில்லாமல் அவனும் வந்தான்.

டாக்டர் சொன்னதை மனதில் வைத்து ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினேன். முதல்முறையாக வெட்கப்படாமல் நின்றேன். அண்ணன் என்னைத் தாண்டிப் போனான். படிகள் திரும்பும் இடத்துக்குப் போனதும் சட்டென்று நின்று, போனை எடுத்துக் காதில் வைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லுங்க... ம்ம்... சொல்லுங்க."

நான் அவன் காலைப் பார்த்தேன். இடது குதிகால் தரையில் பதியவில்லை, ஆடுசதை கெட்டியாக மேலே ஏறி நின்றது. கை சுவரை அழுத்திப் பிடித்திருந்தது. அப்படி நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த நிற்பை மறைக்க ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதும் செருப்பு வாரைச் சரிசெய்வதும் என் ஆயுள் முழுக்க நான் பழகிய வித்தை.

தெருப் பையன்கள் விளையாடும்போதெல்லாம் இவன் அம்பயராகவே இருந்தான். பிள்ளைக்கு என்ன நியாய புத்தி என்றார்கள். தண்ணீர்க் குடத்தை இவன் தொட்டதில்லை, ஆண்பிள்ளையைத் தொடச் சொன்னவரும் இல்லை. விறுவிறுவென்று நடக்கமாட்டான். நடையிலேயே ஒரு பெரிய மனுஷத்தனம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள், எழுந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு நடிப்பு என்று பெயர் வாங்கித் தந்தது இவனுக்கு நிதானம் என்று பெயர் வாங்கித் தந்திருக்கிறது. போன வாரம் வண்டியருகே நின்று கைகாட்டியதும் இந்த நிதானம்தான்.

எனக்கு இரக்கம் வரவில்லை. கூடப் பிறந்தவன், வந்திருக்க வேண்டும், வரவில்லை. ரத்தம் சோதித்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அவனுக்கும் சோதனை வேண்டியதில்லை, ஏற்கெனவே தெரியும். அந்த முதல் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் என்னைத் தவிர இன்னொருவருக்குத் தெரியுமென்றால் அது இவனுக்குத்தான். தெரிந்துகொண்டே அந்தப் பெயரை வைத்தான். தெரிந்துகொண்டே கீழேயிருந்து நாற்காலி போடச் சொன்னான்.

"சொல்லுங்க, கேக்குது" என்றான் ஜன்னலைப் பார்த்து.

மூன்று படி கீழே நின்றபடி, கைப்பையிலிருந்து என் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினேன்.

அவன் காதிலேயே அது மணியடித்தது. பதறிக் கையை இறக்கினான். மேலேயிருந்து இறங்கி வந்த நர்ஸ் ஒருத்தி, சுவரோரம் ஒதுங்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்ததைத்தான் பார்த்தான். அவன் அதைத் திருப்பிப் பிடிப்பதற்குள் நானும் பார்த்துவிட்டேன். வெளிச்சமான திரையில், நான் யார் என்று அவன் பதிந்து வைத்திருந்த ஒரே சொல்: நடிகை.

நான் துண்டிக்கவில்லை. அவன் எடுக்கவும் இல்லை. படிக்கட்டு முழுக்க மணி அடித்துக்கொண்டிருந்தது.