மாமா சொன்ன மூன்று பொய்கள்

மாமனார் கையில் இருபது பக்கக் கையேடு ஒன்று சிக்கியது. வீட்டுக் கணினியைப் பாதுகாப்பது எப்படி என்று அட்டையில் போட்டிருந்தது. தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். அச்சில் வந்ததை மீறிப் பழக்கமில்லை. இருபது பக்கத்தையும் ஒரே வாரத்தில் நிறைவேற்றிவிட்டார்.

ஞாயிறு காலை மாமியார் போன் செய்தார்.

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க மாப்பிள்ளை. உங்க மாமா கம்ப்யூட்டரைப் பத்திரப்படுத்திட்டாரு. இப்ப யாராலயும் திறக்க முடியல. அவராலயும்தான்."

மாப்பிள்ளை போனார். மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்குப் போக அவருக்கு மிச்சமிருந்த ஒரே காரணம் இந்தக் கணினிதான். பிரிண்டர் மக்கர் செய்தால் போவார். மவுஸ் செத்தால் போவார்.

முன்னறையில் ஒரு மூலையில் தையல் மெஷின், எதிர் மூலையில் கணினி. நடுவே நீலத் துணி கட்டுக்கட்டாக மார்பளவுக்கு நின்றது. மாமியார் தையல்காரர். ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்தார். அளவெல்லாம் கணினிக்குள். துணி வெட்டுபவர் மறுநாள் காலை வருகிறார். பள்ளிக்கு விடுமுறை, திரும்ப அளவெடுக்கப் பிள்ளைகள் கிடையாது. பள்ளி திறக்கும் நாளில் உடுப்பு போய்ச் சேராவிட்டால் இனி அந்த வேலை வேறொருவருக்கு.

"அளவு நோட்டு இருக்குமே அத்தை?"

"இருந்துச்சு. இவரைக் கேளுங்க."

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பக்கம் பதினொண்ணு. பிறர் விவரம் உள்ள காகிதங்களைக் கிழித்துப் போடவும். கிழிச்சேன்."

"நூத்தி நாப்பது பிள்ளைங்க இடுப்பளவைத் திருடிட்டுப் போய் எவன் என்ன பண்ணப் போறான்?" என்றார் மாமியார்.

"அது இதுல போடல."

"பாஸ்வேர்டு என்ன மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"பதினெட்டு எழுத்து. பக்கம் நாலு. எங்கயும் எழுதி வைக்கல. அதுவும் பக்கம் நாலு."

"ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் வச்சுக்கணும்னு எந்தப் பக்கத்துலயும் இல்லையே."

"நகல் எடுத்தீங்களா?"

"எடுக்காம? இதே கம்ப்யூட்டர்ல இன்னொரு ஃபோல்டர்ல பத்திரமா இருக்கு."

மாப்பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்தார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாம் என்றால் அதற்கும் தனிப் பூட்டு போட்டிருந்தார் மனிதர். திரையில் மூன்று கேள்விகள் நின்றன. விடை சொன்னால் திறக்கும். ஒன்பது முறை தப்பாகிவிட்டது, பத்தாவது முறையும் தப்பானால் எல்லாம் அழிக்கப்படும் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அந்த ஏற்பாடும் மாமனார் செய்ததே.

"பொறந்த இடம், முதல் வேலை. தெரிஞ்சதைத்தானே கேக்குது?"

"உண்மையைச் சொன்னா ஊருக்கே தெரியுமே. அதனால பொய் சொல்லணும். பக்கம் ஏழு."

"என்ன பொய் சொன்னீங்க?"

"அதான் மாப்பிள்ளை..." மாமனார் மண்டையைச் சொறிந்தார்.

மாமியார் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டபடி வந்து நின்றார்.

"இவர் பொய்யெல்லாம் எனக்கு அத்துப்படி. கேளுங்க."

"பொறந்த இடம்?"

"கப்பல். கல்யாணமான புதுசுல, நடுக்கடல்ல பொறந்தேன்னு என்கிட்டயே அளந்தாரு."

"கப்பல்தான்!" மாமனார் துள்ளினார்.

"முதல் வேலை?"

"சிங்கம் பழக்குனாராம், சர்க்கஸ்ல. பூனை வந்தா நாற்காலி மேல ஏறி நிப்பாரு."

"சிங்கம், சிங்கம். அதேதான் போட்டேன்."

மாப்பிள்ளை இரண்டையும் அடித்தார். மூன்றாவதை வாசித்தார்.

"யாருடைய சமையல் உங்களுக்கு உயிர்?"

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

"ஞாபகம் இல்லையா மாமா?"

"இது இருக்கு." மனைவி பக்கம் திரும்பினார். "நீ போய்க் கொஞ்சம் தண்ணி கொண்டு வா."

"உங்க முழங்கைகிட்டயே இருக்கு. குடிங்க."

குடித்தார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, உடம்பால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். திரையில் புள்ளிகள் விழுந்தன. ஒரு விசை இரண்டு தடவை அமுங்கியதை மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

"இருங்க மாமா. அந்தக் கண் படத்தை அமுக்கினா எழுத்து தெரியும். சரிபார்த்துட்டு அனுப்பலாம்."

"வேண்டாம்."

"ஒரு எழுத்து தப்பினாலும் நூத்தி நாப்பது பேரும் போயிடுவாங்க."

மாமனார் துணிக்கட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார். இதற்குப் பக்கமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கண் படத்தை அமுக்கினார்.

'என்ன் மனைவி' என்று இருந்தது.

மாப்பிள்ளை அதிகப்படியாக விழுந்த எழுத்தை மட்டும் அழித்தார். மாமியார் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார்.

"அனுப்புங்க."

திறந்தது. நூற்று நாற்பது பிள்ளைகளும் தோள், மார்பு, இடுப்போடு அப்படியே இருந்தார்கள். முதல் காரியமாக எல்லாவற்றையும் அச்செடுக்கச் சொன்னார் மாமியார். கடைசித் தாள் வெளியே வந்த பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷமா தட்டை வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்களே?"

"அது பயம்."

"அப்ப நிஜம் யாரு? நம்ம பொண்ணா?"

மாப்பிள்ளை பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளா!" என்றார் மாமனார். "அவ முட்டை வேக வச்சா உடைக்கச் சுத்தியல் தேடணும். ஆபீசுக்கு எதிர்ல ஒரு கடை இருந்துச்சு. அந்தச் சாப்பாடுதான் நிஜம்."

"சுத்தியல் எங்க வீட்டுல அடுப்பு மேடையிலதான் இருந்துச்சு மாமா," என்றார் மாப்பிள்ளை. "இப்பவும் அங்கதான் இருக்கு."

மாமியார்தான் முதலில் சிரித்தார். இஞ்ச் டேப் குலுங்கியது. மாமனார் இருமிக்கொண்டே சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார், அந்தச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

போகும்முன் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நகல் வேற வீட்டுல இருக்கணும் அத்தை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து புதுசா எடுத்துட்டுப் போறேன்."

மாமனார் அவசரமாகக் கையேட்டைப் புரட்டினார். "அவ்வளவு தூரம் ஏன் அலையணும்? தானாவே நகல் எடுத்துக்கிற வழி இருக்கே. பக்கம் பதினாறு."

மாமியார் கையேட்டை வாங்கினார். பதினாறாம் பக்கத்தை உருவினார். நான்காகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், தையல் மெஷினுக்கு அடியில் இருந்த கூடையில் போட்டார்.

"பிறர் விவரம் இருந்துச்சு," என்றார்.