பதினைந்தாம் எண் நாற்காலி

மூன்றாவது போல்ட் அசைய மறுத்தது. ஹாலினா கறுப்பு உடுப்பின் கைகளை முழங்கை வரை சுருட்டிவிட்டு, ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தபடி கீழறையின் சிமென்ட் தரையில் மண்டியிட்டிருந்தாள். பதினொரு மணிக்கு சர்ச்சில் புருஷனுக்குக் கடைசிப் பூசை. மணி பத்தாகப் போகிறது.

“அண்ணி, கார் வந்து நிக்குது.” பாதிப் படி இறங்கிய நெஸ்டர் அப்படியே நின்றுவிட்டான். செத்துப்போன வாசிலின் தம்பி அவன். “என்ன பண்றீங்க?”

“பிரிக்கறேன்.”

“இன்னைக்கா?”

“இன்னைக்குத்தானே அவ வருவா. அவளோடதை அவகிட்ட குடுத்துட்டா எனக்கு ஒரு வேலை முடியும். வாயைப் பாத்துட்டு நிக்காம வந்து பிடி.”

நெஸ்டர் வந்து பிடித்தான். நாற்பது வருஷப் பழக்கத்தில் அண்ணியிடம் எதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் பிரித்துக்கொண்டிருந்தவை வீட்டு நாற்காலிகள் அல்ல. ஸ்டோன்ஃபோர்க் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் மடக்கு நாற்காலிகள். நீலப் பெயின்ட் அடித்த மரம், முதுகில் பித்தளை எண். பதினாலு, பதினைந்து. இரண்டுக்கும் நடுவில் ஒரே இரும்புக் கால். போன வசந்தத்தில் ரேவன்ஸ் அணியை முதலாளி விற்றுவிட்டான். வாங்கியவன் அதை அப்படியே அள்ளிக்கொண்டு மூவாயிரம் கிலோமீட்டர் தெற்கே, பாலோ செக்கோ என்கிற பாலைவன ஊருக்குப் போய்விட்டான். அணிச் சட்டையில் சின்னமாக இருந்த காக்கை பறந்துபோய், தேள் வந்து உட்கார்ந்தது. ஆட்டக்காரர்கள் அதே பையன்கள்தான். அரங்கத்தை மூடியபோது நாற்காலிகளை ஜோடி ஜோடியாகக் கழற்றி விற்றார்கள். வாசில் தன் ஜோடியை வாங்கி வந்து கீழறையில் ஹீட்டர் பக்கத்தில் நிறுத்தி, தரையோடு திருகிவிட்டான்.

அன்றிலிருந்து ஹாலினாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. உண்மையில் அது இருபத்திரண்டு வருஷத்து எரிச்சல். முன்பு அது அரங்கத்தோடு நின்றது, இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வாரம் ஒருமுறை அவளே துணி கொண்டு துடைக்க வேண்டியிருந்தது. பதினாலாம் எண் அவனுடையது. உட்கார்ந்து உட்கார்ந்து நீலம் போய் மரம் வெளுத்திருந்தது, ஸ்ப்ரிங் தளர்ந்து தொங்கியது. பதினைந்து அப்படியில்லை. பெயின்ட் பளபளவென்று இருந்தது. கையால் அழுத்திவிட்டு எடுத்தால் டப்பென்று மடங்கும். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தும் பெயின்ட் அழியவில்லை என்றால் அந்த லொரெட்டா எவ்வளவு ஒல்லியாக இருக்க வேண்டும் என்று ஹாலினா துடைக்கும்போதெல்லாம் நினைப்பாள். நினைத்துவிட்டுத் தன் இடுப்பைப் பார்ப்பாள்.

லொரெட்டாவை அவள் கண்ணால் கண்டதில்லை. பெயர் மட்டும் மனப்பாடம். ஆட்டம் முடிந்து வந்தால் வாசில் பூட்ஸைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவான். லொரெட்டா நடுவரைப் பார்த்து இப்படிக் கத்தினாள், லொரெட்டா அப்படிச் சொன்னாள், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டில் அவன் பேசுவது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. மிச்சத்தையெல்லாம் அங்கேதான் கொட்டினான்.

முதல் வருஷம் ஒரே ஒருமுறை கேட்டான். “வர்றியா?”

“வெளியே இருக்கற குளிரு பத்தாதா, காசு குடுத்து உள்ளேயும் போய் நடுங்கணுமா? பிடிச்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போங்க,” என்றாள் அவள். அவன் போனான். ஆட்டம் இருக்கிற நாளில் காலையிலேயே இரண்டு டிக்கெட்டையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் செருகி வைப்பான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டுவான். பூட்ஸ் கட்ட ஒரு மனுஷனுக்குக் கால் மணி நேரமா? அவள் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டுவாள். அப்புறம் அவன் எழுந்து வந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போவான். இரண்டாவது யாருக்கு என்று அவள் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம்.

அதனால் அணி ஊரைவிட்டுப் போனபோது ஸ்டோன்ஃபோர்க் முழுக்கத் துக்கம் காத்தாலும் ஹாலினா மட்டும் கேக் சுட்டாள். இருபது தடியன்கள் சேர்ந்து ஒரு சக்களத்தி, கூடவே ஒல்லியாக இன்னொருத்தி, இரண்டும் ஒழிந்தது என்று நினைத்தாள். ஆனால் அக்டோபர் வந்தது. ஊர் வானொலி வெட்கமில்லாமல் தேள்களின் ஆட்டத்தையும் ஒலிபரப்பியது. ஊரும், ஓடிப்போன பெண்டாட்டியின் புதுக் குடித்தனத்தை வேலிக்குமேல் எட்டிப் பார்க்கிற புருஷன் மாதிரி, தினம் கேட்டது. பாலோ செக்கோவில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறார்களாம், எப்போது கைதட்டுவது என்றுகூடத் தெரியவில்லையாம், இருந்தும் பையன்கள் ஜெயிக்கிறார்களாம். இங்கே கடைசிப் பதினோரு வருஷம் ஒன்றுக்கும் உதவாதவர்கள் அங்கே போன முதல் வருஷமே ஜெயித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வாசில் பதினாலில் உட்கார்ந்து சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டான். ஹாலினா டீயைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். அவன் உட்காரு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

ஜனவரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். லொரெட்டாவிடமிருந்து மூன்று வாழ்த்து அட்டைகள் வந்தன. மூன்றும் இழுப்பறைக்குள் போயின. தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம், “தூங்கறார்,” என்று ஹாலினா வைத்துவிட்டாள்.

போன ஞாயிறு மதியம் ஆஸ்பத்திரியில் அவன் ரேடியோ வேண்டும் என்று கேட்டான். அன்றைக்கும் ஆட்டம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இரண்டு பேட்டரியையும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “பேட்டரி தீந்துபோச்சுங்க,” என்றாள். கடைசியாக ஒரு மத்தியானமாவது தனக்கென்று வேண்டும் என்று தோன்றியது அவளுக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தான். நாலு மணி சுமாருக்குக் கண்ணைத் திறக்காமலே தெளிவாகச் சொன்னான்.

“கோட்டைப் போட்டுக்கோ. அங்க குளிரும்.”

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. ஐந்தடிக்குள் கட்டின பெண்டாட்டி நிற்கிறாள், கடைசி வார்த்தை அரங்கத்தில் இருக்கிற அவளுக்கு. ஹாலினா அழக்கூட இல்லை. அந்தக் கோபம்தான் ஆறு நாள் கழித்து ஸ்பேனரை எடுக்க வைத்தது.

நாலாவது போல்ட்டும் கழன்றது. பதினைந்து இரும்புக் காலோடு தனியாக வந்தது. கால் போன பதினாலு ஒரு பக்கம் சாய, நெஸ்டர் அதைச் சுவரில் முட்டுக்கொடுத்தான். பதினைந்தைத் தூக்கிப்போய்த் தன் டிரக்கின் பின்னால் போட்டான்.

அடக்கம் குறையில்லாமல் நடந்தது. ஏப்ரல் சேற்றில் எல்லாருடைய பூட்ஸும் புதைந்தது. இரண்டு மணிக்கு சர்ச்சின் கீழே உள்ள கூடத்தில் சாப்பாடு. உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை, கோஸ் இலைச் சுருள், முட்டை சாண்ட்விச். ஹாலினா தலைமேசையில் உட்கார்ந்து வருகிற பெண்களையெல்லாம் இடுப்பளவில் எடை போட்டுக்கொண்டிருந்தாள். மகள் லெஸ்யா தட்டை முன்னால் தள்ளினாள்.

“சாப்பிடும்மா. யாரைத் தேடறே?”

“யாரையும் இல்ல.”

கூடத்தின் மூலையில், கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பின்னால் ஆண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அங்கே யாரோ ரேடியோவைச் சொருகி வைத்திருந்தார்கள். இன்றைக்குத் தோற்றால் தேள்கள் தொடரைவிட்டே மூட்டை கட்ட வேண்டும்.

“நாசமாப் போகட்டும்,” என்றான் தபால்காரன் போரிஸ், வாயில் பெரோகியோடு.

“நம்ம வாசிலு பொணத்து மேல ஆணை, இன்னைக்கு அவனுங்க மண்ணைக் கவ்வணும்,” என்றான் இன்னொருவன்.

அடுத்த நிமிஷம் ரேடியோ அலறியது. தேள்கள் கோல் போட்டுவிட்டார்கள். மூலையில் இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்கள். துள்ளிய பிறகுதான் நினைவு வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையைக் கீழே இறக்கினார்கள்.

அப்போதுதான் அந்தப் பொம்பளை வந்து நின்றாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அறுபது வயதிருக்கும், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் ஜாக்கெட். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளில் பாதியாக ஒரு மனிதர்.

“ஹாலினாதானே நீங்க? நான் லொரெட்டா. இது எங்க வீட்டுக்காரர், கென்.” அவள் ஹாலினாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. “ஒரு தரமாவது பாக்கணும்னு எத்தனை தடவை போன் பண்ணேன். ஒவ்வொரு தரமும் தூங்கிட்டே இருந்தாரு பாவம்.”

ஹாலினாவின் பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கி, அங்கேயே நின்றது. இந்த உடம்பா? அந்தப் பெயின்ட்டா?

“உங்க நாற்காலி டிரக்குல இருக்கு,” என்றாள். “எடுத்துட்டுப் போங்க.”

“என் நாற்காலியா?”

மூவரும் வெளியே போனார்கள். நெஸ்டர் பின்னாலேயே ஓடிவந்து டிரக்கின் பின்கதவை இறக்கினான். லொரெட்டா குனிந்து பித்தளை எண்ணைப் பார்த்தாள்.

“இது பதினைஞ்சும்மா. என்னோடது பதிமூணு. கென்னோடது பன்னெண்டு. ரெண்டும் எங்க வீட்டு மாடியில கெடக்கு, பூனை படுத்துக்குது. வாசில் எனக்கு இந்தப் பக்கம். இது அவருக்கு அந்தப் பக்கம்.”

“அப்ப இதுல யாரு உக்காந்தா?”

லொரெட்டா ஒரு கணம் கென்னைப் பார்த்தாள். கென் தொப்பியைச் சுற்றினார்.

“யாரும் இல்ல,” என்றாள். “எங்க கோட்டையெல்லாம் அதுலதான் போடுவோம். முதல்ல ஒருநாள் ஆட்டம் தொடங்கறப்ப, ஐஸ் நல்லாத் தெரியுமேன்னு கென் அங்க நகர்ந்து உக்காரப் பாத்தாரு. வாசில் விடல. ‘அது ஹாலியாவோடது, குளிருன்னு இன்னைக்கு வரல’ன்னாரு. உங்களை ஹாலியான்னுதான் சொல்வாரு. அடுத்த வாரமும் அதையே சொன்னாரு. நாங்க கேட்கறதை விட்டுட்டோம். கடைசி வருஷம், டீம் போகப் போவுதுன்னு தெரிஞ்சப்புறம் டிக்கெட்டுக்கு அடிதடி, தெரியுமா? ஆள் ஆளா வந்து கெஞ்சினாங்க. ‘அவ வந்தா எங்க உக்காருவா?’ன்னாரு. நான்தான் கத்தினேன், யோவ், இருபத்திரண்டு வருஷமா வராதவங்க இனிமேவா வரப்போறாங்கன்னு.”

“என்ன சொன்னார்?”

“கோட்டை எடுங்க, துடைக்கணும்னாரு.”

ஹாலினாவுக்குக் கோபம் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. இந்தப் பொம்பளைக்குத் தெரிந்திருக்கிறது. இந்தத் தொப்பிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. டிக்கெட் கேட்டுக் கெஞ்சிய ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமும் ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. முன்பு லொரெட்டாவின் மேல் இருந்த பொறாமையைவிட இது பெரிதாக இருந்தது. அதற்கு ஒரு வழி செய்ய ஸ்பேனர் இருந்தது, இதற்கு எதுவும் இல்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன்,” என்றாள்.

“சொல்லலையா?” லொரெட்டா உண்மையாகவே திகைத்தாள். “தினம் டிக்கெட்டை உங்க கண்ணு முன்னாடி வச்சுட்டுத்தான் கெளம்புவேன்னாரே. பூட்ஸை மெதுவாக் கட்டிப் பாப்பாராம்.”

ஹாலினா டிரக்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூடத்தில் மறுபடியும் கூச்சல். ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போகிறது என்று யாரோ வெளியே வந்து யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

“நெஸ்டர்.”

“சொல்லுங்க அண்ணி.”

“என்னை வீட்டுல விடு. இதையும்.”

“சாப்பாடு நடக்குதே. வந்தவங்க என்ன நினைப்பாங்க?”

“லெஸ்யா பாத்துக்குவா. வண்டியை எடு.”

லொரெட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கென் அவள் முழங்கையைத் தொட்டார். ஹாலினா வண்டியில் ஏறப்போனவள் திரும்பினாள்.

“அட்டை அனுப்புனீங்கல்ல, மூணு. அவர்கிட்ட நான் காட்டல. காட்டியிருக்கணும்.”

லொரெட்டா தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.

வீட்டில் நெஸ்டர் நாற்காலியைக் கீழே இறக்கி, பதினாலோடு சேர்த்துப் பிடித்தான். ஹாலினா போல்ட்டுகளைத் திருகினாள். கழற்றியதைவிட மாட்டுவது சீக்கிரம் முடிந்தது. நாலாவது இறுகியதும் அவன் படியைப் பார்த்தான்.

“நான் இருக்கட்டுமா அண்ணி?”

“போ. பெரோகி ஆறிப்போகும்.”

மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு அவள் அலமாரியிலிருந்து ரேடியோவை எடுத்தாள். கைப்பையைத் துழாவி இரண்டு பேட்டரியையும் எடுத்துப் போட்டாள். ரேடியோ உடனே பேசியது. பாலோ செக்கோவில் இன்னும் கூடுதல் நேரம் முடியவில்லை. யாரோ ரப்பர் வட்டை அடித்தார்கள், யாரோ தடுத்தார்கள். பெயர் எதுவும் அவளுக்குப் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் தேள் என்றுகூடத் தெரியவில்லை.

பதினைந்தைக் கையால் அழுத்தி விரித்தாள். ஸ்ப்ரிங் விறைப்பாக எதிர்த்தது. முழு உடம்பையும் கொடுத்து உட்கார்ந்த பிறகுதான் அடங்கியது. பக்கத்தில் பதினாலு, ஸ்ப்ரிங் தளர்ந்துபோனதால், விரித்தபடியே இருந்தது. ரேடியோவை அதன்மேல் வைத்தாள்.

ஹீட்டர் அருகில் கணகணவென்று ஓடிக்கொண்டிருந்தது. கீழறை புழுங்கியது. ஹாலினா கோட்டைக் கழற்றவில்லை. இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.