இரண்டு படிவங்களிலும் இல்லாத பெயர்

என் கையெழுத்து அழகானது. இதை நானாகச் சொல்லவில்லை, ஏறாவூரில் எங்கள் ஒழுங்கைக்கே தெரியும். கலியாண அழைப்பிதழில் பெயர் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் என்னைத்தான் தேடி வருவார்கள். என் வாப்பா ஜிப்ரி இருபத்திநாலு வருஷம் கட்டாரில் மேசன் வேலை செய்தார். போன் மலிவாகும்வரை, உம்மா சொல்லச் சொல்ல அவருக்குக் கடிதம் எழுதியது நான்தான். அந்தக் கடிதங்களை அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டி, "எங்கட மூத்த மகள் நிஸ்றாட எழுத்து, அச்சடிச்சாப்போல இரிக்கி பாருங்க" என்பாராம். அந்த எழுத்தால்தான் அவரை நான் வீட்டை விட்டு வெளியே போட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். வாப்பா எனக்கு ஒரு வீடு கட்டினார். பிறகு தானும் உம்மாவும் இருந்த வீட்டைப் பெருப்பித்துக் கட்டி, தங்கை அம்னாவுக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டுக்கும் லீவில் வந்து அவரே அத்திவாரம் போட்டார், அவரே கல் வைத்தார். தனக்கென்று ஓர் அறைகூடக் கட்டவில்லை. இரண்டு மகள்மார் இருக்கும்போது அவருக்கு எதற்கு வீடு என்று ஊர் நினைக்கும். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

உம்மா நபீஸா மௌத்தாகி அடக்கம் முடிந்தபிறகு வாப்பா கட்டாரை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு நீலப் பேக். நானும் அம்னாவும் கூடிப் பேசி, பெரிய நீதவான்கள் மாதிரி ஒரு முடிவு எடுத்தோம். ஒரு கிழமை என் வீடு, மறு கிழமை அவள் வீடு. வெள்ளிக்கு வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பா பேக்கைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடப்பார். அந்தப் பேக்கிலிருந்து உடுப்பை எடுத்து வெளியே வைத்து நான் கண்டதில்லை. வைக்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் சரி. என் அலுமாரியில் பழைய திரைச்சீலைகளுக்குக்கூட ஒரு தட்டு இருந்தது.

அவருக்கு ஓர் ஆசைதான் இருந்தது. கட்டாரில் இருந்த காலத்தில் தேர்தலுக்குத் தேர்தல் போன் எடுத்து, "என்ட வோட்டு சும்மா கிடக்கே" என்று கவலைப்படுவார். உம்மா வருஷா வருஷம் அவர் பெயரைத் தன் வீட்டுப் படிவத்தில் விடாமல் எழுதிக்கொடுப்பார். பெயர் இங்கே இருக்கும், ஆள் அங்கே இருப்பார். இந்த முறை ஜனாதிபதித் தேர்தல் வருகிறது என்றதும் வாப்பா சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "இந்த முறை என்ட வோட்டை நானே போடுவன்" என்று தேத்தண்ணிக் கடையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

பெப்ரவரியில் வாக்காளர் பதிவுப் படிவம் வந்தது. அந்த வீட்டில் வழமையாக வசிப்பவர்களின் பெயர்களை எழுத வேண்டும். அந்தக் கிழமை வாப்பா அம்னா வீட்டில் இருந்தார். அவர் பெயரையும் எழுதவா என்று என் கணவர் ஹில்மியிடம் கேட்டேன். "மாமாட பேரு எப்பயும் அங்கதானே. அங்கேயே கிடக்கட்டும்" என்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை. எங்கள் இருவர் பெயரையும் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அம்னாவின் படிவமும் என்னிடமே வந்தது. அவள் கணவர் இஷாம் ஒரு துண்டில் பெயர்களைக் குறித்து அனுப்பியிருந்தார். இஷாம், அம்னா. வேறு பெயர் இல்லை.

நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது பொய். வாப்பாவின் பெயரை ஏன் விட்டாய் என்று கேட்டால், "நீங்க ஒங்கட ஊட்டுல எழுதல்லியா ராத்தா?" என்று அம்னா கேட்பாள். பிறகு பார்ப்போம் என்று, துண்டில் இருந்ததை அப்படியே அழகாக எழுதி மடித்துக் கொடுத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

சில மாதங்களில் பட்டியலைப் பார்வைக்கு வைத்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வா மகள், என்ட பேரைப் பாத்திட்டு வருவம்" என்று வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே போய்ச் சேரும்வரை அவர் கதைத்துக்கொண்டே வந்தார். உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. "ஓம் வாப்பா" என்று தலையாட்டிக்கொண்டே நடந்தேன்.

அம்னாவின் வீட்டு இலக்கத்தில் விரலை வைத்தார். இரண்டு பெயர். என் வீட்டு இலக்கத்தில் வைத்தார். இரண்டு பெயர். "தப்பி வேற ஊட்டுல விழுந்திரிக்கும்" என்று சொல்லி, எங்கள் ஒழுங்கை முழுவதையும் வீடு வீடாக வாசித்தார்.

கிராம உத்தியோகத்தர் நிருஷா மிஸ் களுதாவளை ஊர்ப் பிள்ளை, நல்ல மனது. "படிவத்தில எழுதியிருந்தா விடுபடாதே ஐயா, இருங்க பாப்பம்" என்று கோப்பைத் திறந்து இரண்டு படிவங்களையும் எடுத்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

வாப்பா குனிந்து பார்த்தார். கட்டாரில் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த எழுத்து அது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? யா அல்லாஹ், இவர் என்னை ஏசிவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

"ரெண்டும் ஒரே கையெழுத்து" என்றார் மிஸ். "ஆர் எழுதின?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா சொன்னார். "நான்தான் மிஸ் என்ட பேரை எழுத வேணாமெண்டு சொன்ன. அப்ப திரும்பக் கட்டாருக்குப் போற யோசனை ஒண்டு இருந்த."

என் வாப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விடுபட்ட பெயரைச் சேர்க்க உரிமை கோர இன்னும் மூன்று நாள் இருந்தது. மிஸ் வேறொரு படிவத்தை எடுத்து, "எந்த வீட்டில பதியிற ஐயா?" என்று கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. பிறத்தியார் வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கும் ஆளின் முகமாக இருந்தது.

"எங்கட ஊட்டுல" என்றேன்.

"ஹில்மிட்ட ஒரு வார்த்த கேட்டியா புள்ள?" என்றார் மெதுவாக.

அவர் கல்லுக்குக் கல் வைத்துக் கட்டிய வீடு அது. நான் அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன். மிஸ் தண்ணீர் தந்தார். திரும்பி வரும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இப்பயும் வடிவாத்தான் எழுதுறாய் மகள்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அன்று பின்னேரமே திரைச்சீலைகளை எறிந்துவிட்டு அலுமாரித் தட்டைக் காலியாக்கினேன். வெள்ளிக்கிழமை வாப்பா வந்தார், ஆனால் பேக்கைக் கீழே வைக்கவில்லை. ஓட்டமாவடியில் ஒரு கட்டட வேலை, பூச்சுக்கு நல்ல மேசன் இல்லையாம், தங்க அறையும் தருகிறார்களாம். "சும்மா இருந்து என்ன செய்யிற" என்றார். அறுபத்திமூன்று வயது. ஹில்மியும் நானும் போக வேண்டாம் என்றோம். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வோட்டு காட் என் வீட்டுக்கு வந்தது. அதை அந்தக் காலித் தட்டில் வைத்தேன். தேர்தலன்று காலை முதல் பஸ்ஸில் வந்து, காட்டை வாங்கி, தன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் வோட்டுப் போட்டுவிட்டு வந்து, மை பூசிய சின்னவிரலை எனக்குக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்குமுன் கண்டது என் கலியாணத்தன்றுதான்.

"இண்டைக்கு நில்லுங்க வாப்பா" என்றேன். "அலுமாரியில ஒங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கி வெச்சிரிக்கன். பேக்கைக் கொண்டு வாங்க. இனிக் கிழமைக் கணக்கெல்லாம் வேணாம்."

வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வோட்டுப் போட ஒரு ஊட்டு நம்பர் தேவைப்பட்ட. நீ தந்தாய். அது போதும் மகள்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பகல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு பெருநாளுக்குப் பெருநாள் வருகிறார். சாப்பிடுகிறார், சிரிக்கிறார், பின்னேரம் எழும்பிவிடுகிறார். ஒருமுறை சீமெந்து கொண்டுவந்து அந்த வெடிப்பை அடைத்துவிட்டுப் போனார்.

இந்தப் பெப்ரவரியில் படிவம் மறுபடியும் வந்தது. ஹில்மியின் பெயருக்கு அடுத்ததாக, என் பெயருக்கும் முன்னால், வாப்பாவின் முழுப்பெயரை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

படிவத்தை எடுக்க நிருஷா மிஸ் வந்தார். பெயர்களை வாசித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா இங்கதானே இருக்கார்?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ்" என்றேன். "இங்கதான் இரிக்கார்."