ஐந்து நல்ல பற்கள்

உபகாரத்தின் முகத்தில் முதல் அடி விழுந்தது 1979ஆம் வருஷம் ஜனவரியில், பெருமாள்மலை நிறுத்தத்தில். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு விடிகாலையில் இறங்கும் முதல் பேருந்தின் நடத்துனர் அவர். நாற்பத்தேழு வயது. முதலில் தனியார் வண்டியிலும் பிறகு அரசு வண்டியிலுமாகப் பதினெட்டு வருஷம் அந்த மலைப்பாதையில் ஏறி இறங்கியவர். அன்று முட்டைக்கோஸ் மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, படியில் நின்றபடி விசிலை உதட்டில் வைத்தார். மேலுதட்டின் வலது ஓரத்திலிருந்து கண்ணுக்குக் கீழே வரை, பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ ஒரே இழுப்பில் உருவினாற்போல் இருந்தது. விசில் வாயிலிருந்து நழுவியது. அதற்குள் வலி போயே போய்விட்டது.

ஓட்டுநர் குமாரவேல் திரும்பிப் பார்த்தார். பழனிக்காரர், உபகாரத்தைவிடப் பத்து வயது இளையவர். "என்னண்ணே, விசிலக் காணோம்?"

"குளவி கொட்டிருச்சுடா" என்று உபகாரம் வண்டியின் பக்கத்தகட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொடுக்கும் இல்லை, தடிப்பும் இல்லை. அந்தப் பனியில் குளவி எங்கிருந்து வரும் என்பது ஊத்து நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பத்து நாள் ஒன்றுமில்லை. பிறகு முகம் கழுவும்போது ஒரு தடவை. தோசையைக் கடிக்கும்போது ஒரு தடவை. கடிக்கும்போது வருவதால் பல்தான் என்று முடிவு செய்தார். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், "கடைவாய்ப் பல்லு வேர்ல கோளாறா இருக்கும்" என்று பிடுங்கிப் போட்டார்.

வலி நின்றது. இரண்டு மாதம் வரவே இல்லை. உபகாரம் அந்த டாக்டரின் கைராசியைப் பேருந்து முழுக்கப் பாராட்டினார். பண்ணைக்காட்டு ஆட்கள் இருவரை அவரே அனுப்பியும் வைத்தார். அதனால்தான் ஏப்ரலில் வலி திரும்பி வந்தபோது அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பக்கத்துப் பல்லுக்கும் பரவிவிட்டது என்று நினைத்தார். டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாவது போயிற்று, மூன்றாவது போயிற்று. ஐந்தாவது பல்லைப் பிடுங்கிய மறுநாள், குழியில் ரத்தம் காய்வதற்குள்ளேயே, டம்டம் பாறை வளைவில் காற்று முகத்தில் பட்டு அடித்த அடியில் உபகாரம் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே அந்தப் பக்கம் பிடுங்க என்னங்க கெடக்கு?" என்றார் பல் டாக்டர். "கண்ணுக்குப் போயிக் காட்டிப் பாருங்க."

இதற்குள் உபகாரம் தன் வலியை நன்றாகப் படித்துவிட்டார். அதற்கென்று ஒரு முறை இருந்தது. ஆனால் அதில் எந்த நியாயமும் இல்லை. முஷ்டியால் கன்னத்தை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஈ உட்கார்ந்தால் அடிக்கும். காற்று பட்டால் அடிக்கும். பேசினால், சிரித்தால், விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனால் அடிக்கும். ஓர் அடி விழுந்தால் அடுத்த அரை நிமிஷத்துக்கு என்ன செய்தாலும் வராது. இதைக் கண்டுபிடித்த பிறகு அவர் சாப்பிடும் விதமே மாறிப்போனது. கஞ்சியைக் கிண்ணத்தில் ஆறவைத்து, விரல்நுனியால் தன் மேலுதட்டைத் தானே தொடுவார். அடி விழும். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, அந்த அரை நிமிஷத்துக்குள் கஞ்சியைக் குடித்து முடிப்பார்.

மனைவி லீமா ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, சொந்தப் புருஷன் இப்படிக் குடிப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இது என்ன கூத்து? வலிக்கிற எடத்த நீங்களே போயித் தொடுறீங்க!"

விளக்கிச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அடிக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும்விட அவரை எரிச்சல்படுத்தியது கண்ணாடி. முகம் அப்படியே இருந்தது. வீங்கவில்லை, சிவக்கவில்லை. ஒரு வீக்கம் கொடு ஆண்டவரே என்றுகூட மன்றாடிப் பார்த்தார். வீக்கம் இருந்தால் காட்டலாம். வலது பக்கம் சவரம் செய்வதை நிறுத்தியதில் பாதி முகத்தில் மட்டும் தாடி வளர்ந்தது. ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஜூலையில் ஒரு நாள் பண்ணைக்காட்டில் ஏறிய பெரிய மனிதர் ஒருவர் டிக்கெட் கேட்டார். அந்த நேரம் பார்த்து அடித்தது. உபகாரம் கண்ணை மூடி, வாய் கோணி, எச்சில் வழிய நின்றார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்யா" என்றார் அந்த மனிதர்.

குமாரவேல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "சார், அவரு கோயில்ல பாட்டுப் பாடுறவரு. கையால தொட்டதில்ல. பல்லு வலி சார்."

"பல்லு வலிக்கு யாருய்யா இப்பிடி நிப்பான்?"

புகார் போயிற்று. கிளை மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவருக்குக் காகிதம் வேண்டும். மருத்துவச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் காகிதத்தில் "பார்வைக்கு நோய் ஏதும் தென்படவில்லை" என்று இருந்தது.

"எவ்வளவு நேரம்யா வலிக்கும்?"

"ரெண்டு செகண்டு... மூணு செகண்டு இருக்குங்க."

"ராத்திரி தூங்குறியா?"

"தூங்குறேங்க. ராத்திரி வர்றதில்ல."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டு செகண்டு வலிக்குது. ராத்திரி நல்லாத் தூங்குற. இத வச்சு என்னய என்ன லீவு எழுதச் சொல்ற? போ, போயிச் சவரம் பண்ணிட்டு வெரசா டூட்டிக்கு வா."

ஒரு நாளைக்கு அந்த இரண்டு செகண்டு அறுபது தடவை வருகிறது என்று சொல்ல உபகாரம் வாயெடுத்தார். அறுபத்தொன்றாவது வந்தது. மேலாளர் அதைப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் வீட்டில் அது நடந்தது. சவரம் செய்ய உட்கார்ந்தவர், முடியாமல், முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே இருந்தார். விடுதியிலிருந்து வந்த லீமா பார்த்தாள். பாவமாக இருந்திருக்கும். முந்தானையை எடுத்து அந்தக் கன்னத்தை மெல்ல, மிக மெல்லத் துடைக்கப் போனாள். அடுத்த நொடி அவள் அரிசிப்பானையின் மேல் விழுந்து கிடந்தாள். அவர் தள்ளியது அவருக்கே தெரியாது. அவருடைய கை தானாகப் போயிருந்தது.

இருபத்து நான்கு வருஷத்தில் அவர் அவள்மேல் கை வைத்ததில்லை. லீமா எழுந்து, முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்தாள். அழவில்லை. "அடிச்சிட்டீங்க" என்றாள்.

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு அசைந்தால் மறுபடி வரும் என்ற பயத்தில் தொண்டைக்குள்ளேயே முனகினார். அந்த முனகல் கோபம் போலவே கேட்டது. லீமா விடுதிக்கே திரும்பிப் போய், இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் வந்தபோது அவள் கையில் ஒரு சீட்டு இருந்தது. விடுதி நர்ஸ் தெரசம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். துடைக்கப் போனதற்கே ஆள் துள்ளியதைக் கேட்டதும், இது பல்லே இல்லை என்று சொல்லி, மதுரையில் நரம்பு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டரின் பெயரைத் தெரசம்மாள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"கெளம்புங்க" என்றாள் லீமா.

மதுரை டாக்டர் சண்முகவள்ளிக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். உபகாரம் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து வந்து கட்டைவிரலால் கன்னத்தை அழுத்தினார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, மூக்கோரத்தில் தொட்டும் தொடாமலும் இழுத்தார். உபகாரம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார்.

"மன்னிச்சுக்கங்க. இத ஒரு தடவ பார்த்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர். "அழுத்தினா வலிக்கல, பஞ்சு பட்டா வலிக்குது. அடிச்ச பின்னாடி கொஞ்ச நேரம் வராது. அதானே?"

அதைத்தான் ஏழு மாதமாக அவர் எல்லோரிடமும் சொல்ல முயன்றது. தலையை ஆட்டினார்.

"முகத்துல இருந்து மூளைக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு. மூணு கிளை. உங்களுக்கு நடுக்கிளை. தொட்ட சேதி ஒரு இழையில போகும், வலிச்ச சேதி வேற இழையில போகும். எல்லாம் ஒரே கட்டுக்குள்ள பக்கத்துப் பக்கத்துல கெடக்குது. மேல இருக்கிற உறை ஒரு எடத்துல தேஞ்சு போச்சுன்னா, தொட்ட சேதி தாவி வலி இழையில ஏறிடும்னு நெனைக்கிறோம். காத்து பட்டதத்தான் மூளை வெட்டுப்பட்டதா எடுத்துக்குது. உறை ஏன் தேயுதுன்னு கேட்டீங்கன்னா, எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல."

லீமா முன்னால் நகர்ந்தாள். "அப்ப இவரு வேணும்னு தள்ளலீங்களா?"

"சுடு சட்டியத் தொட்டா கை யோசிச்சா வருது? அப்பிடித்தான்."

லீமா கணவரைப் பார்த்தாள். உபகாரம் அவளைப் பார்க்கவில்லை. அவர் வேறொன்றைக் கேட்கக் காத்திருந்தார். "அப்ப பல்லு?"

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "கீழ்வரிசையப் பார்த்தா, மேல இருந்ததும் நல்ல பல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

"மொதப் பல்ல எடுத்ததும் நின்னுச்சுங்களே?"

"இது தானா நிக்கும், தானா வரும். நீங்க பிடுங்கின நேரத்துல அது நின்னிருக்கு."

நோய் இன்னதென்று தெரிந்ததில் லீமா பாதையெல்லாம் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தாள். உபகாரத்துக்குள் வேறு ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. வத்தலக்குண்டில் வண்டி மாறும் இடைவெளியில் அவர் எதிர் மாடிப்படியில் ஏறினார். டாக்டர் கொடுத்துக் காலையில் போட்ட மாத்திரையில் வலி சற்று அடங்கி, பேச முடிந்தது.

"எல்லாம் நல்ல பல்லாம்" என்றார். "நரம்பாம்."

பல் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "நீங்கதான பல்லு வலிக்குதுன்னு வந்தீங்க?"

உபகாரம்தான் அப்படிச் சொன்னார். ஐந்து தடவையும் அவரேதான் விரலை வைத்து இந்தப் பல் என்று காட்டினார். யார்மேல் எரிந்து விழுவது என்றே தெரியாமல் படியிறங்கி வந்து, பேருந்தில் லீமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொடைக்கானல் வரும்வரை பல்லில்லாத ஈறை நாக்கால் தடவிக்கொண்டே வந்தார்.

மாத்திரை வேலை செய்தது. நாளுக்கு அறுபது, ஐந்தாகக் குறைந்தது. ஆனால் தலை கிறுகிறுத்தது. சமவெளியில் சமாளித்துவிடலாம், அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு அவர் சரிந்தார். ஒரு நாள் அன்னக்கொடி என்ற வியாபாரக்காரியின் பிளம்ஸ் கூடைமேல் முழுசாக விழுந்தார். பழமெல்லாம் நசுங்கிப் படியெங்கும் வழிந்தது. "நல்லா வாய்ச்சான்யா கண்டக்டரு" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வலித்தபோது குடிகாரன் என்றார்கள். வலி நின்றபோது நிஜமாகவே குடிகாரன் போலத் தள்ளாடினார். மாத்திரையைக் குறைத்தால் அடி, கூட்டினால் தள்ளாட்டம். நான்கு மாதம் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. அலுவலகத்துக்குள் உட்காரும் வேலை ஒன்று கேட்டு மனுப் போட்டார். இடம் காலி இல்லை என்று பதில் வந்தது.

"ஊசி ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர் சண்முகவள்ளி, அடுத்த முறை. "அந்தக் கிளைமேல சாராயம் மாதிரி ஒரு மருந்தப் போட்டு மரத்துப்போக வச்சிடலாம். வலி சேதி போகாது. ஆனா நல்ல சேதியும் போகாது. அதையும் சொல்லிடுறேன். ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல நரம்பு திரும்ப வளரும்."

"வளந்தா?"

"வளர்ந்தாப் பார்ப்போம்."

சாராயம் என்று கேட்டு உபகாரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு அடி விழுந்தது. போட்டுவிடுங்கள் என்றார்.

அதன்பிறகு அவர் முகத்தில் காற்று அடித்தது, பனி அடித்தது, ஒன்றுமே இல்லை. பாதித் தாடி போயிற்று. சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசம் சோற்றை மென்று சாப்பிட்டார். குமாரவேல் வத்தலக்குண்டில் பரோட்டா வாங்கித் தந்தார். ஒரு மாதம் வரை அது பெரிய சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மற்றவை தெரிய ஆரம்பித்தன. கொதிக்கிற டீ மேலுதட்டைப் பொசுக்கியது தோல் உரிந்த பிறகே தெரிந்தது. குளிரில் வலது மூக்கு ஒழுகினால் தெரியாது. பயணிகள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் துடைத்துக்கொள்வார். சவரக்கத்தி பட்டு ரத்தம் சட்டையில் சொட்டிய பிறகு லீமா சொல்லித் தெரியும். உதட்டோரம் ஒட்டிய பருக்கை அங்கேயே கிடக்கும். லீமா அதை எடுத்துப் போடுவாள். முதல் சில நாள் பயந்து பயந்து எடுத்தாள். பிறகு மேசை துடைப்பது போலச் சாதாரணமாக எடுத்தாள். அவள் விரல் பட்டதா இல்லையா என்பதை அவர் அவள் கை போகும் திசையை வைத்துத் தெரிந்துகொண்டார்.

"மரக்கட்ட மாதிரி இருக்கு லீமா. இது என் மூஞ்சியே இல்ல."

"வலிக்கலல்ல? பேசாம இருங்க" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதையும் யாரிடமும் காட்ட முடியாது. இதற்கும் வீக்கம் கிடையாது.

ஊசி போட்டுப் பதினான்கு மாதம் கழிந்து, 1981 பிப்ரவரியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அசையாமல் நின்றார். மூக்கோரத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தார். எறும்பு இல்லை. விரலை வைத்தார். பஞ்சுத் தலையணைக்கு அடியிலிருந்து யாரோ தொடுவது போல, எங்கோ தூரத்தில், விரல் பட்டது தெரிந்தது.

"லீமா" என்று கூப்பிட்டார். "திரும்ப வருது."

அடுப்படியிலிருந்து அவள் கரண்டியோடு ஓடிவந்தாள். "எது? வலியா?"

"தெரியல. தொட்டாத் தெரியுது. அவ்வளவுதான்."

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"மதுரை டாக்டரு குடுத்த சீட்ட எங்க வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே லீமா டிரங்குப் பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தாள்.

"நீதான வாங்கி வச்ச?"

"நான் வச்சா பைபிளுக்குள்ளதான வச்சிருப்பேன், அங்க இல்ல. நல்லாப் போச்சுன்னு நீங்கதான் அத எங்கயோ தூக்கிப் போட்டீங்க."

"நான் எங்கடி போட்டேன்!"

கீழே சாலையில் குமாரவேல் ஹாரன் அடித்தார். அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள்.