ஏர் பைபாஸைக் கடக்கும் வழி

பூவராகவனுக்கு வேலை கிடைத்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. திருப்பதி ஏர் பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலை. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் சேர வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: தினமும் யார் கொண்டுவந்து விடுவார்கள்? தானே வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டான். எப்படி வருவது என்று அப்போது அவனுக்கே தெரியாது.

வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவன். சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு டிரம் ஏற்றிப் போவான். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருப்பது தெரியாமலே கடைசி இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறான். முதலில் போனவை ஓரங்கள். ஒருநாள் பாகாலா தாண்டியதும், இடப்பக்கத்தில் ஒரு டிராக்டர் இருப்பதே அதன் மேல் உரசின பிறகுதான் தெரிந்தது. யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கே வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டான். அடுத்த ஒன்றரை வருடத்தில் மீதிப் பார்வையும் போனது.

மனைவி கன்னிகா ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி பஸ் திருப்பதியிலிருந்து கிளம்பும் என்பதால், வெதுருகுப்பம் பக்கத்து ஊரை விட்டு இருவரும் கொர்லகுண்டாவில் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அவள் காலை ஐந்து மணிக்குப் போனால் மாலை ஐந்துக்குத் திரும்புவாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் ஒரு பயிற்சி மையத்தில் ஆறு மாதம் வெள்ளைக்கோலோடு நடக்கவும், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரலை வைத்துப் போனைப் பயன்படுத்தவும் கற்றுக்கொண்டான். அங்கே போன் சொல்லிக்கொடுக்க வந்துபோன இஸ்மாயில் பழக்கமானான்.

இஸ்மாயிலுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சித்தூரில் ஒரு வங்கியில் எழுத்தர். இருபத்தொன்பது வயது. பார்வையற்றவர்களுக்கான செயலி எது வந்தாலும் அன்றே இறக்கி, நாலு நாள் அதை வதைத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவான். பூவராகவன் கூப்பிட்டதும் ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உட்கார நேரமில்லை, இப்போதே கிளம்பலாம் என்றான். வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் எல்லா ஆப்பும் நல்ல ஆப்தான் என்பது அவன் கட்சி.

கன்னிகாவுக்கு அன்று விடுமுறை. அவர்களுக்குப் பத்தடி பின்னால், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு, அவளும் வந்தாள்.

முதலில் எல்லாரும் வைத்திருக்கும் சாதாரண வரைபடம். வீட்டு வாசலில் நின்றபோதே அது வடகிழக்கில் இருநூறு மீட்டர் போகச் சொன்னது. வடகிழக்கு எந்தப் பக்கம் என்று இஸ்மாயில் கேட்டான். லாரிக்காரனுக்குத் திசை தெரியும், ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால்தான். நடக்கும்போது இரண்டு முறை திரும்பினால் கலைந்துவிடுகிறது. அதோடு தமிழ்க் குரல் தெலுங்குத் தெருப்பெயர்களை வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டது போல் படித்தது. தெலுங்குக் குரலுக்கு மாற்றினார்கள், பெயர்கள் சரியாயின. ஷேர் ஆட்டோவில் பைபாஸ் போய் இறங்கி நடந்தபோது, இலக்கு வந்துவிட்டது என்று ஒரு சுவரின் முன்னால் அது சொன்னது. மருத்துவமனையின் பின்புறச் சுவர். வாசல் அந்தப் பக்கம்.

இரண்டாவது, பார்வையற்றவர்களுக்கென்றே செய்தது. இஸ்மாயில் அதற்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தான். இரண்டு மணி திசையில் திரும்பு, பதினொரு மணி திசையில் சந்து என்று கடிகார முள்ளை வைத்து வழி சொல்லும். போகிற வழியில் மருந்துக்கடை, டிபன் சென்டர், ஏடிஎம் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லிக்கொண்டே வரும். பூவராகவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மூன்று வருடமாக யாரும் அவனுக்குத் தெருவை இப்படிக் காட்டியதில்லை.

இஸ்மாயிலுக்கு அது பிடிக்கவில்லை.

"இவ்ளோ பேசுது. காதை இதுக்குக் குடுத்துட்டா, பின்னால வர பைக்குக்காரனுக்கு எதை குடுப்ப அண்ணா?" என்று கேட்டான்.

மூன்றாவதற்கு வரைபடமே கிடையாது. நாம் ஒரு முறை நடந்து, வேண்டிய இடங்களில் குறி போட்டு, ஒவ்வொரு குறிக்கும் நம் குரலில் ஒரு வார்த்தை பதிந்து வைக்க வேண்டும். அடுத்த முறை அந்த இடம் நெருங்கும்போது போன் அதிரும், பதிந்த வார்த்தை கேட்கும். மற்ற நேரம் வாய் திறக்காது. நெட் இல்லாவிட்டாலும் ஓடும். தினமும் போகிற வழிக்கு இதுதான் சரி என்றான் இஸ்மாயில். ஆனால் முதல் முறை கண் தெரிந்த ஒருவர் உடன் நடந்து, குறி போட வேண்டிய இடங்களைச் சொல்ல வேண்டும்.

அதுதான் பூவராகவனை உறுத்தியது. யாரோ ஒருவர் காட்டிக்கொடுத்த வழியில் நடப்பதற்கு ஆப் எதற்கு? கடிகாரமே போதும் என்று முடிவாகச் சொன்னான். இஸ்மாயில் வாதாடவில்லை. இரண்டையும் போனில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மதியம் கன்னிகா போட்ட கோழிக்குழம்பு சாப்பிட்டுக் கிளம்பினான். கன்னிகா மட்டும் ஒரு காரியம் கேட்டாள். வேலைக்குப் போகும்போது பூவராகவன் எங்கே இருக்கிறான் என்பது தன் போனில் தெரிய வேண்டும். அவன் ஒத்துக்கொண்டு, இருப்பிடத்தைப் பகிரும் வசதியை அவளுக்குத் திறந்துவிட்டான்.

வேலையில் சேர்ந்த திங்களும் செவ்வாயும் நன்றாகவே போயின. கடிகாரம் சொன்னபடி தெருமுனை வரை நடந்து, ஷேர் ஆட்டோ ஏறி, பைபாஸில் இறங்கினான். ஆட்டோ நிற்பது எதிர்ப்பக்கம். அங்கிருந்து கொஞ்சம் நடந்து, டிவைடரில் இருக்கும் இடைவெளியில் ரோட்டைக் கடந்தால் மருத்துவமனை. இரண்டு நாளும் யாரோ கையைப் பிடித்துக் கடத்திவிட்டார்கள்.

புதன்கிழமை யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். கடிகாரம் மூன்று மணி திசையில் இலக்கு, முப்பது மீட்டர் என்றது. வண்டிச் சத்தம் குறைந்ததும் இறங்கிப் பாதி ரோட்டைக் கடந்து டிவைடரை அடைந்தான். அங்கே நின்று மறுபாதியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கன்னிகா. அழைப்பு வந்ததும் வழி சொன்ன குரல் நின்றுபோனது. அவன் எடுக்காமல் துண்டித்தான். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தான். காதுக்குள் மணிச்சத்தம், வெளியே லாரிகள். கால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே அவனுக்குக் குழம்பிவிட்டது. கோலை நீட்டித் தேடினான். டிவைடர் கல் தட்டுப்படவில்லை. எப்போதோ ரெண்டடி ரோட்டுக்குள் இறங்கியிருக்கிறான்.

ஒரு பஸ் சட்டையை இழுத்துக்கொண்டு போவது போல் உரசிப் போனது. கோலின் நுனி உடைந்து கையில் அதிர்ந்தது.

"அய்யா, அக்கடே உண்டு! கதலொத்து!" என்று ஒரு பெண் குரல் கத்தியது. அங்கேயே நில், அசையாதே. அவன் அசையவில்லை. மருத்துவமனை வாசலில் பூ விற்கும் மணியம்மா, கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து வண்டிகளை நிறுத்திக்கொண்டே வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். வாசலில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் கையை எடுத்தாள். போனில் ஏழு அழைப்புகள் தவறியிருந்தன.

அன்று முழுவதும் வேலை பார்த்தான். எலும்பு முறிந்தவர்களின் உறவினர்களுக்கு டாக்டர் வரும் நேரத்தைச் சொன்னான். மாலையில் சக ஊழியர் ஒருவர் ஆட்டோவில் ஏற்றி வீட்டில் விட்டார்.

கன்னிகா முன்பே வந்திருந்தாள். அவன் கையில் உடைந்த கோலைப் பார்த்ததும் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. கடைசியில் அவன்தான் ஆரம்பித்தான், ஏன் அப்படி விடாமல் அடித்தாள் என்று.

அவர்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் டீ இடைவேளை. மூன்று நாளாக அவள் அந்தப் பத்து நிமிடமும் டீ குடிக்காமல் பெட்டியின் முன்னால் நின்று போனையே பார்த்திருக்கிறாள். திரையில் அவன் ஒரு நீலப் புள்ளி. புதன்கிழமை அந்தப் புள்ளி ரோட்டின் நடுவே வந்து நகராமல் நின்றது.

"நட்ட நடு ரோட்ல நின்னுக்கினு இருக்கற. நான் இன்னா பண்ணட்டும்? பாத்துக்கினு சும்மா இருக்கவா?" என்றாள்.

"நீ அடிச்சதுல தான் கன்னிகா அது வாய மூடிக்கிச்சு. நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னே தெரியாம போயிட்ச்சு."

அவள் அழுகிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. தப்பு அவளுடையது மட்டுமில்லை என்று அவன் சொன்னான். அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை அவன் ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. இஸ்மாயில் சொன்னதைக் கேட்காததும் அவன்தான். வேலையை விட்டுவிடலாமே என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த இன்னொரு ஆப்பை வைத்து நடக்கலாம், தானே கூட வருகிறேன் என்றாள். வியாழன் முதல் சனி வரை அந்த ஊழியரோடு ஆட்டோவில் போய்வந்தான்.

ஞாயிறு காலை ஆறரைக்கே கிளம்பினார்கள். அவன் புதுக் கோலோடு முன்னால், அவள் ஓரடி பின்னால். குறி போட வேண்டிய இடம் என்று அவள் நினைத்ததெல்லாம் அவனுக்கு உதவவில்லை. பச்சை கேட், பெரிய பேனர் என்று அவள் சொன்னாள். பேனர் அவனுக்கு எதற்கு? அவன் கேட்டது வேறு: சிமெண்ட் முடிந்து மண் தொடங்கும் இடம், மூடியில்லாத சாக்கடை, மாவு மிஷின் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் அவளும் கண்ணை மூடிக்கொண்டு அவன் தோளைப் பிடித்து நடந்து பார்த்தாள். இருபது அடி தாண்டவில்லை, திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன இடங்கள் சரியாக இருந்தன.

பைபாஸில் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். டிவைடர் இடைவெளியில் சிக்னல் கிடையாது. அதைத் தாண்டி நூற்றைம்பது அடி நடந்தால், வேகத்தடை ஒன்றும், டிவைடரில் ஆள் நுழைய ஒரு வழியும் இருந்தன. அங்கே எல்லா வண்டியும் மெதுவாகும், மெதுவாவது காதுக்குக் கேட்கும். எந்தச் செயலியும் அதைச் சொன்னதில்லை. கடப்பதற்கு அந்த இடத்தை வைத்துக்கொண்டார்கள். குறியில் அவன் குரலைப் பதிந்து போட்டுப் பார்த்தால், லாரி இரைச்சலில் அது அமுங்கிப் போனது. கன்னிகாவின் குரல் கூர்மையானது, இரைச்சலுக்கு மேலே கேட்டது. அதனால் அந்த ஒரு குறி அவள் குரலில் அமைந்தது: "இங்க நில்லு. ரெண்டு பக்கமும் ஸ்லோ ஆனப்புறம் போ."

அதே வழியைத் திரும்பத் திரும்ப நாலு தடவை நடந்தார்கள். நாலாவது தடவை அவள் வரவில்லை. மருத்துவமனை வாசலில் மணியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ரோட்டைக் கடந்து வருவதைப் பார்த்தாள். பார்க்கும்போது மணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதாகப் பிறகு மணியம்மா அவனிடம் சொன்னாள்.

நீலப் புள்ளியைப் பற்றியும் பேசி முடிவு செய்தார்கள். பகிர்வதை அவன் நிறுத்தினான். வழி சொல்லும் நேரத்தில் அழைப்பு எதுவும் உள்ளே வராதபடி போனில் அமைத்துக்கொண்டான். இனி ஒன்பதுக்கு முன்பே போய்ச் சேர்ந்து ஒரு செய்தி அனுப்புவான், ஒன்பது மணி இடைவேளையில் அவள் அதைப் பார்ப்பாள். முதல் வாரம் அது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருநாள் அவன் அனுப்ப மறந்துவிட்டான். மாலையில் அவள் சண்டை போட்டாள், அவன் வாங்கிக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை லீவு போட்டு, சித்தூருக்குத் தனியாகப் போனான். மதியம் வரைதான் வங்கி, பிறகு விடுப்பு, வந்தால் சேர்ந்து சாப்பிடலாம் என்று இஸ்மாயில் கூப்பிட்டிருந்தான். தெரியாத வழி என்பதால் இம்முறை கடிகாரத்தைத் திறந்தான், குரலைக் குறைத்து, ஒரு காதில் மட்டும். கடைப் பெயர்கள் சொல்வதை நிறுத்தி வைத்திருந்தான். சித்தூரில் இறங்கி அது சொன்னபடி சந்துகளில் திரும்பி நடந்தான். இலக்கு பத்து மீட்டரில் என்று சொல்லிவிட்டு அது அடங்கியது. அந்தப் பத்து மீட்டரில் படியும் இருக்கலாம், பள்ளமும் இருக்கலாம். கோலைத் தட்டி நின்று, பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டதும், வங்கி வாசல் எந்தப் பக்கம் என்று தெலுங்கில் கேட்டான். குரலை வைத்துப் பார்த்தால் ஒரு பெரியவர். வாசல்வரை வந்து, மூணு படி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே இஸ்மாயில் முதலில் கேட்டது எந்த ஆப்பில் வந்தாய் என்பதைத்தான். பூவராகவன் சொன்னான். அதை இன்னும் விடவில்லையா என்று அவன் சலித்துக்கொண்டான். புதிதாக ஒன்று வந்திருப்பதாகவும், கேமரா வழியாக முன்னால் இருப்பதைச் சொல்வதாகவும், சாப்பிட்டதும் காந்தி ரோடு வரை நடந்து பார்த்துவிடலாம் என்றும் சொன்னான்.

"பிரியாணி துன்னுட்டு அவ்ளோ தூரம் நடக்க முடியாது பாய். பாதி வழி வரிக்கும் வரேன்" என்றான் பூவராகவன்.