ஜெனரலுக்கு வைத்த ரசம்

அமராவதிபுதூர் மலையாண்டி இருபது வருடங்களுக்கு முன்னால் ஈராக்கில், ஓர் அமெரிக்க ராணுவ முகாமில் ஒப்பந்தக் கம்பெனியின் சமையல்காரராக இருந்தவர். அவரோடு வேலை பார்த்த தேவகோட்டை மாயக்கண்ணன், இருவரும் முகாமில் எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டார். இரண்டே வாரத்தில் மலையாண்டியின் மகள் சத்தியப்பிரியாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. படத்தைப் பார்த்து, மாயக்கண்ணனிடம் முகவரி வாங்கி எழுதியவர் வால்ட்டர் கெஸ்லிங், ஓய்வு பெற்ற அமெரிக்க ராணுவ ஜெனரல்.

"ஜெனரலா? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே தாயி."

"அப்ப அவரு கர்னலாம்ப்பா. மூக்குல தழும்பு இருக்குமாம்."

மலையாண்டி எழுந்து நின்றுவிட்டார். "கெஸ்லிங் ஐயாவா!"

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து வாடகைக் காரில் கெஸ்லிங் வந்து இறங்கினார். எழுபது வயதுக்கு நிமிர்ந்த உடம்பு. முழங்கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. மலையாண்டியின் மனைவி சின்னத்தாயி, "இங்குட்டு ஃபேனுக்கு அடியில உக்காரச் சொல்லு" என்று மகளை விரட்டினாள். மாயக்கண்ணனும் பஸ் ஏறி வந்திருந்தார்.

கெஸ்லிங் பேசப் பேச சத்தியப்பிரியா தமிழில் சொன்னாள். அவர் நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் விளைவிக்கும் குடும்பத்துப் பிள்ளை. படிக்க வசதியில்லாமல் ராணுவத்தின் உதவித்தொகையில் கல்லூரிக்குப் போய், இருபத்திரண்டு வயதில் அதிகாரியானார். ஜெர்மனி, கொசோவோ, பிறகு ஈராக். அங்கே அவர் தேர்ந்தெடுத்த சாலையில் குண்டு வெடித்து, அவருடைய வீரர்கள் நான்கு பேர் இறந்துபோனார்கள். அதன்பின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டார்.

"அப்பத்தான் நீங்க ரசஞ்சோறு கொண்டாந்தீகளாம். அஞ்சு நாளு, சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே நின்னீகளாம். ஆறாம் நாளு கடுதாசியக் கிழிச்சுப் போட்டாராம். தன்னோட மனசு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேக்குறாரு."

மலையாண்டி சங்கடத்தோடு நெளிந்தார்.

"உள்ளதச் சொல்லிரு தாயி. தட்டு அப்படியே திரும்பி வந்துச்சு. ஐயாவுக்குப் பிடிக்கிற மாதிரி சமைக்கலன்னா ஊருக்கு அனுப்பிருவேன்னு மேனேஜர் மிரட்டுனாரு. அந்தப் பயத்துல எனக்கு வச்சிருந்த ரசத்தக் கொண்டுபோனேன். தட்டக் காலியா வாங்கிட்டுப் போகணும்னுதான் நின்னேன்."

சத்தியப்பிரியா தயங்கித் தயங்கி அதைச் சொல்லி முடித்தாள். கெஸ்லிங் ஒரு கணம் மலையாண்டியையே பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இத்தனை வருசமா உங்கள ஒரு ஞானின்னு வீட்டம்மாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாராம்ப்பா. பயந்துக்கிட்டாவது ஒரு ஆளு வந்து நின்னீகளே, அது போதுமாம்."

சிரிப்பு அடங்கியதும் மாயக்கண்ணன் கேட்டார்: "நான் ஒண்ணு கேக்கலாமா? மொதல்ல எல்லாம் குண்டு வருதுன்னு சங்கு ஊதுனா பட்டாளத்துக்காரவுக கான்கிரீட் அறைக்குள்ள போயிருவாக. நாங்க மேசைக்கடியில படுத்துக்கிடப்போம். மலையாண்டி ஊருக்கு வந்த பெறகு, சமையல்காரவுகளுக்கும் அதே மாதிரி அறை கட்டுனாக. ஒருநா குண்டு எங்க அடுப்பு மேலயே விழுந்துச்சு. நாங்க பதினாலு பேரு அறைக்குள்ள இருந்ததால பிழைச்சோம். அது யாரு போட்ட உத்தரவு?"

கெஸ்லிங் சுருக்கமாகப் பதில் சொன்னார். பிரிகேடியர் ஜெனரலானதும் அவர் கேட்ட முதல் காரியம் அது. மேலிடத்தோடு ஆறு மாதம் மல்லுக்கட்டி வாங்கினார். கடைசியில் மூன்று நட்சத்திர ஜெனரலாக ஓய்வு பெற்றார். ஆனால் அந்த அறையால் பிழைத்தவர் யாரையும் அதுவரை அவர் பார்த்ததில்லை.

மாயக்கண்ணன் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோறு ஆறுது" என்று சின்னத்தாயி கூப்பிட்டாள். கெஸ்லிங் மூன்று முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் கண் செருகியது. கட்டிலில் படுத்தவர் லேசாகக் குறட்டைவிட ஆரம்பித்தார்.

அமெரிக்காக்காரரைப் பார்க்க வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மலையாண்டி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"சத்தம் போடாதீக. ஜெனரல் அசந்து தூங்குறாரு. நாலு மணிக்கு மேல வாங்க."