வடக்கு பார்க்காத முள்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் ஏழு மலைக்கும் அதிபதி என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

நகரிப் பக்கத்துக் கூலிக்காரி கன்னியம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகுமுன்பே மண்ணுக்குப் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த தணிகாசலத்தின் அரைஞாணில், கொல்லனிடம் அடித்து வாங்கிய இரும்பு வளையம் ஒன்றைக் கோத்துவிட்டாள். இரும்பிருக்கும் உடம்பை எமன் தொடமாட்டான் என்பது அவள் கணக்கு. கழற்றினால் சாவு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். பையனும் சாகாமல் வளர்ந்து திருப்பதிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தான். அவன் தேறி வாத்தியார் வேலைக்குப் போய்விட்டால் அவள் அடுத்தவன் கொல்லையில் குனியவேண்டியதில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் குனிந்துகொண்டிருந்தாள்.

இரும்பு சும்மா இருக்கவில்லை. ஆய்வகத்துக் காந்தமானியின் முள் வடக்கே பார்க்கவேண்டும். இவன் உள்ளே நுழைந்தால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல் இவன் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. ரேணிகுண்டா ஸ்டேஷன் கடிகாரம் இவன் ரயிலேறும்வரை நின்றுவிட்டு அப்புறம் ஓடும். திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று இரண்டு சர்க்காரும் இழுத்துக்கொண்டிருந்த சமயம். எல்லை அளக்க வந்த சர்வேயர் காம்பஸைத் திறக்க, லீவுக்கு வந்த இவன் வரப்போடு நடந்துபோக, இரண்டு புளியமரமும் ஒரு கிணறும் மாநிலம் மாறிவிட்டன.

கடைசி வருஷம் ரிசல்ட் வந்த மத்தியானம் அவள் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வந்தவன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஃபெயிலும்மா. பிராக்டிகல்ல போயிட்ச்சி."

"இன்னாடா சொல்றே? எந்நேரமும் படிச்சிக்கினுதானே இருந்தே?"

"படிச்சி இன்னா? முள்ளு என்னியே பாத்துக்கினு நின்னுச்சி. நீ கட்னியே இரும்பு, அதான் கவுத்துச்சி."

"பரிச்ச முடியற வரிக்கும் கயட்டி வெச்சிருக்கலாமே, நைனா?"

"கயட்டினா சாவுன்னு சொன்னது யாரு?"

அவன் ரேணிகுண்டாவில் மூட்டை தூக்கப் போனான். அவள் களைக்கொத்தியைக் கிணற்றில் போட்டாள். அதற்கப்புறம் இரும்பைத் தொடவில்லை. கோரையைக் கையாலேயே பிடுங்கினாள். கத்தரிக்காயைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு வைத்தாள்.

"இன்னாடி கன்னி, அருவா இல்லாம புல்லு புடுங்கறே, மாடா நீ?" என்று அடுத்த வரிசையிலிருந்து ரத்தினம்மா கேட்டதற்கு, எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "எங்கை பட்ட இரும்பு எம்புள்ளயத் துன்னுட்ச்சிடி."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. உள்ளங்கை பிளந்து, புண் ஆறி, ஆறின இடமே மறுபடி பிளந்து, கடைசியில் விரல்கள் மடங்கினபடி நின்றுவிட்டன. வாய்க்கரிசி போட்ட அன்று அந்தக் கையை நேராக்கிப் பார்த்தார்கள், விரியவில்லை.

தணிகாசலம் ஃபெயிலான அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் காந்தமே கிடையாது. எல்லாருக்கும் முப்பட்டைக் கண்ணாடியும் சோடியம் விளக்கும்தான் வந்தன.